இலவச லேப்டாப் 12, ஒரு வகுப்பறை, சோலார்: இணையம் இல்லாமல் ஓடும் கணினிக்கூடம் அமைப்பது எப்படி?

ஊர்ப்பள்ளி

அனைவருக்கும் வணக்கம். முன்னாள் மாணவர்கள் 12 பேர், படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கே தர முன்வந்திருக்கிறார்கள். எல்லாம் 2012-க்கும் 2018-க்கும் இடையில் வந்தவை. பாதியில் 2 ஜிபி ரேம், மீதியில் 4 ஜிபி. எல்லாவற்றிலும் ஹார்ட் டிஸ்க்தான். ஒன்றிரண்டைத் தவிர பேட்டரி எதுவும் நிற்கவில்லை. மூன்றில் பேட்டரி உப்பியிருக்கிறது.

அறை 20-க்கு 20 அடி, மேல்மாடி, கான்கிரீட் கூரை, நான்கு மின்விசிறி. மதியத்தில் கரண்ட் போகும். இருக்கும்போதும் வோல்டேஜ் இறங்கும். இணையம் என்றால் ஆசிரியர்களின் போன் ஹாட்ஸ்பாட் மட்டும். ஒரு வகுப்பில் 36 பிள்ளைகள், 45 நிமிடப் பாடவேளை. சோலார் போட்டுத்தர ஒருவர் தயாராக இருக்கிறார். எவ்வளவு போட வேண்டும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இது ஒரு வருடத்தில் தூசி படிந்து மூலையில் போகக்கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

சாலிடர்

டீச்சர், முதலில் அந்த மூன்று பேட்டரி. இன்றைக்கே கழற்றி வெளியே எடுங்கள். அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. டெர்மினலில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்து, பிள்ளைகள் போகாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காயலான் கடைக்குப் போடாதீர்கள். அங்கே சுத்தியலால் உடைப்பார்கள், தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு இருக்கிறது. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்தின் சேகரிப்பு மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறதா என்று மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது 12-ஐயும் ஓடவைக்க முயல வேண்டாம். 10 ஓடட்டும், 2 உதிரிப் பாகத்துக்கு. திரை உடைந்தது, கீல் முறிந்தது எவையோ அவையே அந்த இரண்டு. கீபோர்டு, விசிறி, சார்ஜர் முனை, திரை கேபிள் எல்லாம் ஒரே மாடலுக்குள்தான் பொருந்தும் என்பதால், எந்த மாடல் அதிகமாக இருக்கிறதோ அதிலிருந்தே ஒன்றை உதிரிக்கு ஒதுக்குங்கள். அதை விட்டுவிட்டு தனி மாடலை ஒதுக்கினால் அது யாருக்கும் உதவாது.

ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டியது: பின்மூடியைக் கழற்றி விசிறியில் அடைந்த தூசியை பிரஷ்ஷால் எடுப்பது, பிராசசர் மேலுள்ள காய்ந்த பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைப்பது, மதர்போர்டிலுள்ள காசு பேட்டரியை மல்டிமீட்டரில் அளப்பது. சிஆர்2032 புதிதில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.7-க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். பெரிய பேட்டரியும் இல்லாத மெஷினில் இது செத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் தவறு என்று பிரவுசர் கத்தும். "நெட் வேலை செய்யல" என்று வரும் புகார் பலவற்றுக்கு இந்தக் காசு பேட்டரிதான் காரணம்.

ரேம் வாங்கும்போது கவனம். டிடிஆர்3 என்று கடையில் கேட்டால் 1.5 வோல்ட் ரகமும் தருவார்கள், 1.35 வோல்ட் ரகமான டிடிஆர்3எல்-லும் தருவார்கள். பின்னால் வந்த குறைமின் பிராசசர்கள் பலவற்றுக்கு 1.35 மட்டும்தான் ஒத்துவரும், 1.5 போட்டால் திரையே வராது. எல் ரகம் பெரும்பாலும் இரண்டு வகை போர்டிலும் வேலை செய்யும். அதையே கேட்டு வாங்குங்கள்.

பணம் குறைவு, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ரேமை விட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி வாங்குங்கள். 120 ஜிபி போதும்.

பெங்குவின்

சாலிடர் அண்ணன் சொன்ன எஸ்எஸ்டி கணக்கை வகுப்பு நேரத்தில் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மெஷின் எழுந்து, பிரவுசர் திறந்து, பக்கம் வர மூன்று நான்கு நிமிடம் ஆகும். எஸ்எஸ்டியில் ஒரு நிமிடத்துக்குள். 45 நிமிடத்தில் வருகை, இடம் மாறி உட்காருவது, முடிவில் அணைப்பது எல்லாம் போனால் மிஞ்சுவது 30 நிமிடம். அதில் மூன்றைக் காப்பாற்றுவது பத்தில் ஒரு பங்கு பாடத்தைக் காப்பாற்றுவது.

இயங்குதளம்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புது பிராசசரும் வேண்டும். உங்கள் மெஷின் எதுவும் தேறாது. எனவே இலவச இயங்குதளமான லினக்ஸ்தான். இந்த லேப்டாப்புகளில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன என்பதால் வன்பொருள் ஒத்துழைக்குமா என்ற பயம் வேண்டாம். பாஸ், சென்னை சிடாக்கில் உருவானது, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது.

64 பிட் பிராசசர் என்றால் டெபியன் 13. 2 ஜிபி உள்ளவற்றுக்கு எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப், 4 ஜிபி உள்ளவற்றுக்கு எக்ஸ்எஃப்சிஇ. 32 பிட் மெஷின் ஏதாவது அகப்பட்டால் அதை உதிரிக்குப் போடுங்கள். டெபியன் 13-ல் 32 பிட் நிறுவியே கிடையாது, ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. அதில் உழைப்பைக் கொட்ட வேண்டாம்.

2 ஜிபி மெஷினில் ஜிராம் கட்டாயம். நினைவகத்தையே சுருக்கி இடமாற்று இடமாகப் பயன்படுத்தும் வசதி அது. டெபியனில் ஜிராம்-டூல்ஸ் என்ற தொகுப்பு. சுருக்கு முறை இசட்-ஸ்டாண்டர்ட், அளவு 50 சதவீதம் என்று வையுங்கள். கூடவே இயர்லி-ஊம் போட்டால், நினைவகம் நிரம்பும்போது மெஷின் முழுதாக உறைந்து நிற்காமல், அதிகம் தின்னும் நிரலை மட்டும் மூடும்.

ஒரு மெஷினை முழுதாகத் தயார் செய்து, குளோனசில்லா என்ற நிரலில் டிஸ்க்கின் முழு நகலை (படிமம்) எடுத்து மற்றதில் இறக்குங்கள். இரண்டு இடத்தில் சிக்கும். 128 ஜிபி டிஸ்க்கில் எடுத்த படிமம் 120 ஜிபியில் இறங்க மறுக்கும். ஆகவே இருப்பதில் மிகச் சிறிய எஸ்எஸ்டியில் மூலத்தை உருவாக்குங்கள். இரண்டாவது, நகலெடுத்த எல்லா மெஷினிலும் மெஷின்-ஐடி என்ற அடையாள எண் ஒன்றாகவே இருக்கும். சில அமைப்புகளில் ரௌட்டர் அதைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி முகவரியைக் கொடுத்துவிடும். ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே விழும். நகலெடுத்ததும் மெஷின்-ஐடியையும் கணினிப் பெயரையும் புதுப்பித்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் தூக்கிப்போட வேண்டாம். அதில் அந்தப் பிள்ளைகளின் புகைப்படம், சான்றிதழ் எல்லாம் கிடக்கும். உரியவருக்குத் தேவையா என்று கேட்டு நகல் கொடுத்துவிட்டு, டிஸ்க் முழுவதும் ஒருமுறை பூஜ்ஜியம் எழுதி அழியுங்கள். நல்ல நிலையில் உள்ள இரண்டை யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால், பாடங்களைச் சேமித்து மற்ற மெஷின்களுக்குக் கொடுக்கும் சர்வருக்குக் காப்பு நகல் ஆயிற்று.

சூரியமின்

இப்போது மின்கணக்கு. 10 ஓடும், அதில் ஒன்று சர்வர் என்று வைத்தாலும், பின்னால் கூடும் என்பதால் 12-க்கே போடுகிறேன்.

பேட்டரி இல்லாத இந்த ரக லேப்டாப் சாக்கெட்டில் சுமார் 20 வாட் இழுக்கும். 12-க்கு 240 வாட். நாளுக்கு நான்கு பாடவேளை, அதாவது 3 மணி நேரம்: 720 வாட்-மணி. சர்வரும் வைஃபையும் சேர்ந்து 12 வாட், 8 மணி நேரம்: 96. மொத்தம் 816. இன்வெர்ட்டர் திறன் 85 சதவீதம் என்று பிடித்தால் பேட்டரியிலிருந்து 960 போகும். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே தின்னும் 10 வாட்டை 8 மணி நேரத்துக்குச் சேர்த்தால் 1,040 வாட்-மணி.

தமிழ்நாட்டில் வருட சராசரியாக நாளுக்குச் சுமார் ஐந்து முழு வெயில் மணி (உச்ச வெயிலுக்குச் சமமான நேரம்) கிடைக்கும். ஆனால் சராசரிக்குப் போடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம், தூசி, கம்பி, சார்ஜர் இழப்பெல்லாம் போக 70 சதவீதம்தான் கைக்கு வரும். 1,040-ஐ 3 பெருக்கல் 0.7-ஆல் வகுத்தால் 495. எனவே 540 வாட் சோலார் தகடு ஒன்று போதும்.

இங்கேதான் பெரும்பாலான இடத்தில் தவறு நடக்கிறது. 540 வாட் தகடு சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரும். அதை 12 வோல்ட் பேட்டரிக்கு சாதாரண பிடபிள்யூஎம் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணைத்தால், 13 ஆம்பியரை 13 வோல்ட்டில்தான் தள்ளும். 170 வாட்தான் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு வீண். தகட்டின் உயர் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி கருவிதான் வேண்டும்: உள்ளீடு 100 வோல்ட் தாங்க வேண்டும், வெளியீடு 40 ஆம்பியர். பெட்டி மேல் எம்பிபிடி என்று அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்பவை சந்தையில் உண்டு. நல்ல வெயிலில், பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, தகட்டுப் பக்க வோல்டேஜைப் பாருங்கள். 40-ஐ ஒட்டி நின்றால் உண்மை, 13-14-க்கு இறங்கிவிட்டால் போலி.

எம்பிபிடி எங்கே இருக்க வேண்டும்? பேட்டரிக்கு அருகில். தகட்டிலிருந்து கருவிக்கு 10 மீட்டர், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால், போக வர 20 மீட்டரில் 0.1 ஓம், 13 ஆம்பியருக்கு 1.3 வோல்ட் இழப்பு. 41-ல் 1.3 பெரிதில்லை. அதே கம்பியை எம்பிபிடிக்கும் பேட்டரிக்கும் நடுவில் போட்டால் 40 ஆம்பியருக்கு 4 வோல்ட் போய்விடும். கம்பியும் சூடாகும், பேட்டரியும் நிறையாது.

பேட்டரி: லித்தியம் இரும்பு பாஸ்பேட் 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி, அதில் 80 சதவீதம் எடுக்கலாம்: 1,024. டியூபுலர் (நீர் ஊற்றும் ஈயப் பேட்டரி) 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி என்றால் 1,800, ஆனால் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும்: 900. வகுப்பு பகலில் நடப்பதால் இரண்டுமே சமாளிக்கும். டியூபுலருக்கு மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, வடிநீர் மட்டும் ஊற்ற ஆள் வேண்டும். அது ஹைட்ரஜனும் விடும். வகுப்பறைக்குள் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் பூட்டுப் போட்ட கூண்டுக்குள் வையுங்கள். மின்கணக்கு மட்டும் பார்த்தால் லித்தியம். உள்ளூர் எலக்ட்ரீஷியனுக்கு எது பழக்கம் என்று பார்த்தால் டியூபுலர். லித்தியம் வாங்கினால் எம்பிபிடியில் முழு சார்ஜ் 14.2 அல்லது 14.4 வோல்ட், நிறைந்தபின் தாங்கும் மிதவை 13.5, சமன்செய்யும் சார்ஜ் நிறுத்தம் என்று நீங்களே அமைத்துச் சரிபாருங்கள். ஈயப் பேட்டரிக்கான அமைப்பிலேயே விட்டால், சமன்செய்யும் நாளில் வோல்டேஜ் ஏறி பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். தகடு இணைப்பில் இருக்கும்போது அப்படித் துண்டானால், இன்வெர்ட்டருக்கு ஆபத்தான வோல்டேஜ் எகிறலாம்.

எப்போதும் பேட்டரியை முதலில் இணைத்துப் பிறகு தகடு; கழற்றும்போது தகட்டை முதலில். தகட்டுப் பக்கம் டிசி என்று குறித்த எம்சிபி (தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும்தான். வீட்டு மாறுமின் (ஏசி) எம்சிபியைப் போட்டால், துண்டிக்கும்போது எழும் தீப்பொறி அணையாமல் எரியும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து அரையடிக்குள் ஃப்யூஸ்.

கோடைக்காற்று

சூரியமின் கணக்கில் மின்விசிறி இல்லை. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். நான்கு ஃபேன் 300 வாட். 12 லேப்டாப்பை விட அதிகம்! மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் சுமார் 30 வாட். நான்கையும் மாற்றினால் 120. ஒன்றரை டன் ஏசி கேட்டு யாராவது வந்தால், அது ஓடும்போது சுமார் 1,500 வாட், கூடத்தில் உள்ள எல்லா லேப்டாப்பையும் போல ஆறு மடங்கு என்று காட்டுங்கள்.

அதைவிட மலிவானது கூரை. மேல்மாடி, கான்கிரீட் என்கிறீர்கள். வெறும் பழைய கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். புது வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு ஐந்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். 400 சதுர அடிக்கு இரண்டு கோட். ஒரு நாள் வேலை. முதலில் பாசியைச் சுரண்டிக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் அடுத்த மழையில் தோல் உரியும். மாசி, பங்குனிதான் சரியான மாதம். தூசி படிந்தால் பலன் குறையும், வருடம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். தெலங்கானா இதற்கென்றே 2023-ல் ஒரு குளிர் கூரைக் கொள்கை கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலான லேப்டாப்புகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அறை வெப்ப எல்லை 35 டிகிரி. சித்திரையில் மதியம் அதைத் தாண்டும். அந்த மாதங்களில் கணினி வகுப்பைக் காலை முதல் மூன்று பாடவேளைக்குள் வையுங்கள். மேசையை ஜன்னலுக்கு எதிரே போடாமல் பக்கவாட்டில் போட்டால் திரையில் கண்கூசாது, ஜன்னலையும் மூட வேண்டியிருக்காது. கணினி அறை என்றாலே ஜன்னலை அடைத்துத் திரை போடும் பழக்கம் ஏசி காலத்து மிச்சம்.

புதியவன்

மன்னிக்கவும், ஒரு எதிர்க்கேள்வி. இத்தனை பாடுபட்டுப் பத்து வருடப் பழைய மெஷினை உயிர்ப்பிப்பதற்கு, நன்கொடையாளரிடம் 36 டேப்லெட் கேட்டால் என்ன? பிள்ளைக்கு ஒன்று. பேட்டரியும் அதிலேயே இருக்கும், சோலார் சிக்கலும் பாதி தீரும்.

கற்றல்வழி

பிள்ளைக்கு ஒரு கருவி என்பதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு பெரு. ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப் திட்டத்தில் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பெருமளவில் மெஷின் போனது. 319 பள்ளிகளை வைத்து அமெரிக்க நாடுகள் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 2012-ல் வெளியிட்டார்கள். மெஷின் கைக்கு வந்தது, பயன்பாடு கூடியது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை.

இதற்கு நேர் எதிரான முடிவு டெல்லியிலிருந்து வந்தது. முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளின் மையங்களை வைத்து நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் (மதிப்பெண் பரவலை அளக்கும் அலகு) முன்னேற்றம். அங்கே மென்பொருள் பிள்ளையின் வகுப்பைப் பார்க்கவில்லை, பிள்ளை உண்மையில் நிற்கும் படியைப் பார்த்து அதிலிருந்து கேள்வி கொடுத்தது. கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் நேரமும் இருந்தது.

நம் ஊரிலேயே எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது இதே எண்ணம்தான். ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பின்னக் கூட்டலில் தடுமாறினால், கணினிக்கூடத்தில் அவளுக்கு ஐந்தாம் வகுப்புப் பயிற்சிதான் போக வேண்டும். இதைச் செய்யாத கூடத்தில் டேப்லெட் வைத்தாலும் ஒன்று, பழைய லேப்டாப் வைத்தாலும் ஒன்று.

ஓடும் 10-ல் சர்வர் போக 36 பிள்ளைக்கு 9 மெஷின் என்றால் ஒரு மெஷினுக்கு நால்வரை உட்காரவைக்காதீர்கள். மவுஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் படிப்பார், மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். 18 பேர் இருவர் இருவராகத் திரையில். 18 பேர் அதே பாடத்தை நோட்டிலும் செய்முறையிலும். இருவரில் ஒருவர் இயக்க, மற்றவர் வாயால் வழிசொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாறுங்கள். வழிசொல்பவர் மவுஸைத் தொடக்கூடாது என்ற ஒரே விதி போதும்.

சாலிடர்

புதியவன் தம்பிக்கு இன்னொரு பதில். டேப்லெட்டின் பேட்டரி பசை போட்டு ஒட்டியது. மூன்று நான்கு வருடத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் தளரும்; தாலுகா ஊரில் மாற்ற ஆள் கிடைக்காது. லேப்டாப்பில் ஸ்க்ரூ இருக்கிறது. 2022-ல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு போட்டது; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்று ஐ.நா.வின் அறிக்கை சொல்கிறது. லேப்டாப் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. இன்னும் ஐந்து வருடம் ஓடவைப்பது, புதிதாக ஒன்றைச் செய்யாமல் தடுப்பது.

ஊர்ப்பள்ளி

மிக்க நன்றி. சர்வர் பற்றிச் சொல்லுங்கள் சார். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியை வாங்கச் சொல்கிறார்கள். அதில் என்னென்ன வைக்க முடியும்? தமிழில் என்ன கிடைக்கும்?

பெங்குவின்

பை வேண்டாம் டீச்சர். பேட்டரி நிற்கும் அந்த ஒன்றிரண்டு லேப்டாப்பில் 4 ஜிபி ரேம் உள்ளதையே சர்வராக்குங்கள். பை 5 வாட், திரை அணைத்த லேப்டாப் 12 வாட் என்பார்கள். 8 மணி நேரத்துக்கு வித்தியாசம் 56 வாட்-மணி. அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது கரண்ட் போனாலும் அணையாத மெஷின், கீபோர்டு, திரை, கடிகாரம், எஸ்எஸ்டி. பையில் எஸ்டி கார்டு. எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை கெடும். பை 4-ல் கடிகாரமே கிடையாது, டிஎஸ்3231 கடிகாரத் தொகுதியை வாங்கித் தனியாகச் செருக வேண்டும்.

மூடியை மூடினால் உறங்கும் அமைப்பை மாற்ற மறக்காதீர்கள். "சர்வர் காணோம்" என்ற புகார் பெரும்பாலும் யாரோ நல்லெண்ணத்தில் மூடிவைத்ததால் வரும். குரோனி என்ற நேர நிரலை இதில் போட்டு, இணையம் இல்லாதபோதும் தன் நேரத்தையே ஊருக்குச் சொல்லும்படி அமைத்தால், மற்ற மெஷின்களும் இதைப் பார்த்து மணியைத் திருத்திக்கொள்ளும்.

கோலிப்ரி என்ற கற்றல் மென்பொருள் இந்தத் தேவைக்கென்றே உருவானது. ஒருமுறை இணையத்தில் பாடத் தொகுப்பை இறக்கினால் பிறகு முழுதும் உள்வலையில் ஓடும், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்குக் காட்டும், உங்கள் சொந்த வினாக்களையும் தொகுக்கலாம். 8080 போர்ட்டில் ஓடும். இணையம் இல்லாமல் தளங்களைப் படிக்க உதவும் கிவிக்ஸ் போட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக உள்ளே வையுங்கள். ஃபெட் (PhET) என்ற, திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் பாவனைச் சோதனைகள் பலவற்றைத் தமிழிலேயே தனிக் கோப்பாக இறக்கலாம். மின்சுற்று, அடர்த்தி, பின்னம் மூன்றும் உங்கள் வகுப்புகளுக்கு நேரடியாக உதவும். பாடநூல்களின் பிடிஎஃப்பையும் அங்கேயே வையுங்கள்; புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் குறிகளுக்கு இணையம் வேண்டும், இதற்கு வேண்டாம்.

காணொளி வைத்தால் எச்.264 எம்பி4, 480 வரி, 800 கிலோபிட் அளவுக்கு ஹேண்ட்பிரேக் என்ற நிரலில் மாற்றுங்கள். பத்து நிமிடம் சுமார் 65 எம்பி வரும். விபி9, ஏவி1 வடிவத்தை இந்த பிராசசர்களில் பெரும்பாலானவை முழுக்க மென்பொருளில் விரிக்க வேண்டும். சத்தம் ஓடும், படம் நிற்கும்.

வைஃபையை நம்பாமல் 16 முனை ஸ்விட்ச் ஒன்றும் கேபிளும் போட்டால், எல்லாரும் ஒரே நேரத்தில் காணொளியைத் தொட்டாலும் திணறாது. சர்வரின் ஐபியை நிலையாக வைத்து, அதையே எல்லா பிரவுசரிலும் முகப்புப் பக்கமாக்குங்கள். பிள்ளைகளைப் பெயர் தட்டச்சச் சொன்னால் பிரவுசர் அதைத் தேடுபொறிக்கு அனுப்பும். இணையம் இல்லாததால் பிழைப் பக்கம்தான் வரும்.

எழுத்தாணி

தமிழ்த் தட்டச்சு பற்றி யாரும் சொல்லவில்லை. ஐபஸ் என்ற தட்டச்சு நிரலும் அதன் எம்17என் தொகுப்பும் நிறுவினால் தமிழ்99 வந்துவிடும். அரசு 1999-லேயே தரப்படுத்திய விசைப்பலகை. "அம்மா" என்று அடிக்க ஆங்கில எழுத்துக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை ஆறாம் வகுப்பில் புகுத்திவிட்டால் பிறகு மாறாது. தொடக்கத்திலேயே தமிழ்99 பழக்குங்கள். விசைகளில் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர் ஒரு மாதத்தில் உரியும், விசைப்பலகைப் படத்தை லேமினேட் செய்து திரைக்குக் கீழே ஒட்டுவது நிற்கும்.

ஆசிரியர்களிடம் இருக்கும் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கும். லினக்ஸில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருவை நிறுவிச் சமாளிக்க வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். மாற்றாமல் விட்டால் கோப்புகளில் எதையும் தேட முடியாது.

பதிவேடு

நிர்வாகப் பக்கம் ஒரு சொல். மெஷின் தருபவரிடம் ஒரு வரி நன்கொடைக் கடிதம் வாங்கி, வரிசை எண்ணோடு தளவாடப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். இது இல்லாவிட்டால் தலைமையாசிரியர் மாறும் நாளில் கூடத்துக்குப் பூட்டு விழும். கணக்கில் இல்லாத பொருளுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உதிரிக்குப் பிரித்த இரண்டையும் உதிரி என்றே எழுதுங்கள், பின்னால் கழிவு நீக்கம் செய்ய எளிது.

கோலிப்ரியில் பிள்ளைகளுக்குக் கணக்கு உருவாக்கும்போது வகுப்பும் வரிசை எண்ணும் போதும். முழுப்பெயர், பிறந்த தேதி, ஆதார் எதுவும் ஏற்ற வேண்டாம். 2023 எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சேகரிக்காத தரவுக்கு அந்தக் கவலையே இல்லை.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் எண், பதிவேட்டில் ஒரு பக்கம். என்ன பழுது, எந்தத் தேதி, எந்தப் பாகம் மாற்றினோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளை இதற்குப் பொறுப்பாக்குங்கள், அதில் இரண்டு பெண் பிள்ளைகள் கட்டாயம் இருக்கட்டும். வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

ஊர்ப்பள்ளி

நண்பர்களே, நன்றி. கடைசியாக இரண்டு கேள்வி. 12 சார்ஜரையும் ஒரே சுவிட்சில் போட்டால் இன்வெர்ட்டர் கத்துகிறது என்கிறார் எலக்ட்ரீஷியன், அது ஏன்? கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் எப்படி விட்டுவிட்டுப் போவது?

சூரியமின்

ஒவ்வொரு சார்ஜருக்குள்ளும் மின்தேக்கி இருக்கிறது. சுவிட்ச் போட்ட கணத்தில் அது நிரம்ப ஒரு பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். 12-ம் ஒரே நொடியில் இழுத்தால் இன்வெர்ட்டர் அதை ஷார்ட் என்று எண்ணித் துண்டிக்கும். நான்கு நான்காக மூன்று பலகையில் பிரித்து, சில நொடி இடைவெளியில் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் சைன் அலை ரகமாக இருக்கட்டும். சதுர அலையில் சார்ஜர் ஓடினாலும் சாதாரண ஃபேன் உறுமும். மூன்று முனை பிளக், ஒழுங்கான எர்த், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம். லேப்டாப்பைத் தொட்டால் சுள்ளென்று கூசுகிறது என்று பிள்ளை சொன்னால், எர்த் இல்லை என்று பொருள், அன்றைக்கே பாருங்கள்.

விடுமுறைக்கு: டியூபுலர் என்றால் வடிநீர் நிரப்பி, தகட்டையும் எம்பிபிடியையும் இணைப்பிலேயே விட்டு, இன்வெர்ட்டரை மட்டும் முழுதாக அணையுங்கள். ஈயப் பேட்டரி காலியாகக் கிடந்தால் இரண்டு மாதத்தில் அதற்குள் இருக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். லித்தியம் என்றால் 50, 60 சதவீதத்துக்கு இறக்கி, முதலில் தகட்டுப் பக்க எம்சிபியை அணைத்து, பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

லேப்டாப்புகளின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, மெஷினைத் துணிப்பையில் போட்டு, தரையில் வைக்காமல் இரும்பு அலமாரியில் வையுங்கள். சர்வரின் பேட்டரியையும் பாதி சார்ஜில் அணைத்துவிடுங்கள். எலி கேபிளைக் கடிக்காமல் ஸ்விட்ச் கம்பிகளைச் சுருட்டி மேலே கட்டுங்கள். திறக்கும் நாளில் முதல் வேலை சர்வரின் தேதி சரியா என்று பார்ப்பது. அதன் பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.